ஸ்கிரீன் பத்தி நூர்ந்தால் ஸ்கிரீனை மாற்றுவதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

விண்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நின்ற பிறகு, எங்கள் பக்கத்தில் லப்டொப் வைத்திருக்கிறவர்கள் ஒருவர் பின் ஒருவராக விண்டோஸ் 11க்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். மாறிய கையோடு சிலருக்கு ஸ்கிரீன் பத்திப் பத்தி நூரத் தொடங்குகிறது, அதாவது விட்டுவிட்டு எரிந்து அணைகிறது. கடைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் ஒரே தீர்ப்புத்தான்: "டிஸ்பிளே போட்டுது, மாத்தத்தான் வேணும்." அந்தத் தீர்ப்பைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், இடம் இருந்தால் வெட்டாமல் போடுங்கள்.

நான் சுன்னாகத்தில் நெடுங்காலம் ரேடியோவும் ரிவியும் திருத்தியவன். மின்சாரமே இல்லாத தொண்ணூறுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுழற்றி ஊருக்குச் செய்தி கேட்க வைத்தவர்களில் நானும் ஒருவன். கொம்பியூட்டர் என் தொழில் இல்லை. ஆனாலும் பழுது பார்ப்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. எந்தப் பாதி நல்லது, எந்தப் பாதி கெட்டது என்று பிரித்தறிந்த பிறகுதான் திருப்புளியைக் கையில் எடுக்க வேண்டும். ரிவியில் படம் உருண்டால் அன்ரனாவா, பெட்டியா, ஒளிபரப்பா என்று பார்க்காமல் பிக்சர் டியூப்பை மாற்றச் சொன்னவனை எங்கள் காலத்தில் ஒருவரும் திருத்துநர் என்று சொல்லமாட்டார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். உயர்தரம் படிக்கும் என் பேத்திக்கு ஜேர்மனியில் இருக்கும் அவளது சித்தி தான் பாவித்த லப்டொப்பைக் கொடுத்தனுப்பியிருந்தார். நல்ல சாமான். சூம் வகுப்பு, கடந்தகால வினாத்தாள், நோட்ஸ் எல்லாம் அதில்தான். விண்டோஸ் 11க்கு மாற்றச் சொல்லி அறிவித்தல் வந்துகொண்டே இருந்ததால் மாற்றினாள். மாற்றி முடித்து அது திரும்ப எழும்பிய நேரத்திலிருந்து ஸ்கிரீன் இப்படிப் பத்தி நூர்ந்து வெட்டத் தொடங்கியது. நிறுத்தி வைத்த ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் வெட்டும். மவுசை அசைத்தால் கொஞ்சம் அடங்கும். விட்டால் மறுபடி வெட்டும். இந்த அறிகுறியை மறந்துவிடாதீர்கள்.

யாழ்ப்பாண நகரத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோனோம். பெயர் வேண்டாம். அங்கிருந்த தம்பி மரியாதையான பிள்ளை. லப்டொப்பை ஒரு மொனிற்றரில் கொழுவிப் பார்த்தார். மொனிற்றரில் படம் அசையவில்லை, லப்டொப்பில் வெட்டியது. "பாருங்கோ ஐயா, வெளியால நல்லாத் தெரியுது. உங்கட டிஸ்பிளேதான்" என்றார். 25,000 ரூபா முடியும், பனல் (படம் தெரியும் திரைத் தட்டு) கொழும்பில் இருந்து வரவேண்டும், முற்பணம் 5,000 ரூபா என்றார். கட்டினோம். லப்டொப்பும் கடையிலேயே தங்கிவிட்டது.

இங்கே எனக்குப் பெரிய மனக்குறை ஒன்று உண்டு. விண்டோஸ் 11க்கு மாறியவர்கள் பிடிக்காவிட்டால் பழையதற்குத் திரும்ப 10 நாள் தவணை இருக்கிறது. செற்றிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ரிகவரி என்ற இடத்தில் "கோ பக்" என்று ஒரு பொத்தான் இருக்கும். பழைய விண்டோஸ் முழுவதையும் "விண்டோஸ் டொட் ஓல்ட்" என்ற ஃபோல்டரில் கட்டி வைத்திருப்பார்கள். தவணை முடிந்தால் அது தானாக அழிந்துவிடும். இதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே பழையதற்குத் திரும்பிப் பார்த்து, அங்கும் வெட்டுகிறதா என்று தெரிந்துகொண்டிருக்கலாம். பனல் வரும் வரும் என்று லப்டொப் கடையில் கிடந்த காலத்திலேயே தவணை கழிந்துவிட்டது. மேம்படுத்தலுக்குப் பிறகு தொடங்கிய கோளாறு என்று நாங்கள் வாயால் சொல்லியே கொடுத்த சாமான் அது.

பொறுமை இழந்து, பனல் வரட்டும், அதுவரைக்கும் பிள்ளை படிக்கவேணும் என்று சொல்லி லப்டொப்பை வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

முதலில் அதை நிறுத்தி, மறுபடி பவர் கொடுத்து, உடனேயே எஃப்2 பொத்தானைத் தட்டிப் பயோஸுக்குள் போனேன். (சில கொம்பனிகளுக்கு எஃப்10, சிலதுக்கு டிலீற்.) பயோஸ் என்பது விண்டோஸ் எழும்புவதற்கு முன்னால் வரும் பக்கம். அங்கே விண்டோஸும் இல்லை, திரையில் படம் காட்டும் சில்லை இயக்க விண்டோஸுக்கு உதவும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவரும் இல்லை. ஆனால் பனல் அதே பனல், மூடிக்குள் ஓடும் வயர் அதே வயர். அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்து முடியும்வரை பார்த்தேன். மூடியை மெல்ல முன்னுக்கும் பின்னுக்கும் சாய்த்தேன். விளிம்பில் விரலால் இலேசாக அழுத்தினேன். ஓர் இமைப்புக்கூட இல்லை. பனல் செத்திருந்தால் பயோஸ் என்று பார்த்து அடங்கி இருக்குமா?

அப்படியானால் கடையில் மொனிற்றரில் நன்றாகத் தெரிந்தது ஏன்? இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். வெளி மொனிற்றர் சோதனை பாதிச் சோதனை. மொனிற்றரிலும் வெட்டினால் பெரும்பாலும் பனலில் பிழை இல்லை என்று சொல்லலாம். மொனிற்றரில் வெட்டவில்லை என்றால் அதிலிருந்து எதையும் முடிவுகட்ட முடியாது. ஏனென்றால் மின்சாரம் மிச்சம் பிடிக்கவென்று கிராபிக்ஸ் டிரைவர் செய்கிற சில வேலைகள் லப்டொப்பின் சொந்தத் திரையில் மட்டும்தான் நடக்கும். வெளியில் கொழுவிய மொனிற்றரை அது தொடாது. அந்த வேலைகளில் கோளாறு வந்தால் லப்டொப் வெட்டும், மொனிற்றர் அசையாது. பார்க்கிறவருக்குப் பனல் பழுது மாதிரியே இருக்கும். அந்தத் தம்பி எங்களை ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. பாதிச் சோதனையை முழுச் சோதனை என்று நம்பிவிட்டார். அதற்கு விலை 25,000 ரூபா.

அடுத்தது மைக்ரோசொப்ட் தானே சொல்லித் தருகிற சோதனை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால், ஓடிக்கொண்டிருக்கும் செயலிகளைக் காட்டும் டாஸ்க் மனேஜர் திறக்கும். ஜேர்மன் கீபோட்டில் கன்ட்ரோல் என்று எழுதியிருக்காது, எஸ்.ரி.ஆர்.ஜி. என்றிருக்கும், ஷிஃப்டுக்கு மேல்நோக்கிய அம்புக்குறி மட்டும்தான். வெளிநாட்டுச் சாமான் வைத்திருக்கிறவர்கள் எழுத்தைப் பார்க்காமல் இடத்தைப் பார்த்து அழுத்துங்கள். டாஸ்க் மனேஜர் திறந்த பிறகு, மற்றதெல்லாம் வெட்டும்போது அதுவும் சேர்ந்து வெட்டுகிறதா என்று கவனிக்க வேண்டும். சேர்ந்து வெட்டினால் குற்றவாளி பெரும்பாலும் டிஸ்பிளே டிரைவர். அது அசையாமல் நிற்க மற்றவை மட்டும் வெட்டினால், புதிய விண்டோஸோடு ஒத்துப்போகாத ஏதோ ஒரு செயலி.

பேத்தியின் லப்டொப்பில் டாஸ்க் மனேஜரும் சேர்ந்து வெட்டியது. இந்தச் சோதனையைக் கற்றுக்கொண்ட உற்சாகத்தில் அவள் பக்கத்து வீட்டு ரீச்சரின் லப்டொப்பிலும் செய்து பார்த்தாள். அதுவும் மேம்படுத்திய பிறகு வெட்டிக்கொண்டிருந்ததுதான். "அம்மப்பா, ஓடி வாங்கோ, இது மட்டும் துடிக்கேல்லை!" என்று கத்தினாள். டாஸ்க் மனேஜர் சுவரில் அறைந்த மாதிரி நின்றது. பின்னால் இருந்த டெஸ்க்டொப் மட்டும் வெட்டியது. தேடிப் பார்த்தால், மணிக்கொரு தரம் பின்னணிப் படம் மாற்றுகிற ஏதோ ஒரு இலவசச் செயலி. அதை அகற்றியதும் அந்த வீட்டுப் பிரச்சினை தீர்ந்தது. ஒரே அறிகுறி, இரண்டு வேறு காரணம், இரண்டிலும் பனலில் பிழை இல்லை.

டிரைவர்தான் என்று உறுதிசெய்ய சேஃப் மோட்டில் எழுப்பிப் பார்க்கலாம். ஷிஃப்டை அமத்திப் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுத்தால் நீலப் பக்கம் வரும். அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செற்றிங்ஸ் என்று போய், மீண்டும் எழும்பும்போது 4 என்ற எண்ணை அழுத்த வேண்டும். சேஃப் மோட்டில் விண்டோஸ் உங்கள் கிராபிக்ஸ் டிரைவரை ஒதுக்கிவிட்டு மைக்ரோசொப்டின் அடிப்படை டிரைவரோடு ஓடும். அதில் வெட்டாவிட்டால் டிரைவர்தான் கள்ளன்.

ஆனால் அதைத் தொடுவதற்கு முன் வெளிநாட்டிலிருந்து லப்டொப் வந்த வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை. இன்றைய லப்டொப்புகள் பலவற்றில் பிட்லொக்கர் என்ற பூட்டு, உங்களுக்குத் தெரியாமலே போடப்பட்டிருக்கும். சேஃப் மோட்டுக்குப் போகும் வழியில் அது 48 இலக்கத் திறப்பு எண் ஒன்றைக் கேட்கக்கூடும். அந்த எண் பெரும்பாலும் லப்டொப்பில் முதலில் யாருடைய மைக்ரோசொப்ட் கணக்கு போடப்பட்டதோ அவருடைய கணக்கில் இருக்கும். எங்கள் விடயத்தில் அது சித்தியிடம். இங்கே இரவு பத்து மணி; அங்கே அவர் வேலை முடிந்து ரயிலில். வட்ஸ்அப்பில் கூப்பிட்டு, அவர் தன் கணக்குக்குள் போய் எண்ணைப் படமெடுத்து அனுப்பி, பேத்தி ஆறு ஆறு இலக்கமாக வாசிக்க நான் தட்டினேன். சித்தி கணக்கை மூடியிருந்தாலோ கடவுச்சொல்லை மறந்திருந்தாலோ, அந்த எண்ணை எடுப்பதே பெரும்பாடாகியிருக்கும்; எண் இல்லாமல் பூட்டு விழுந்தால் உள்ளே இருக்கும் நோட்ஸும் போய்விடும். ஆகவே முதல் வேலையாக அந்த எண்ணைக் கேட்டு வாங்கி ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரீன் வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் இது தேவைப்படும்.

சேஃப் மோட்டில் படம் கல்லுப்போல் நின்றது. சரி, இனி டிரைவர்.

லப்டொப்பின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மனேஜரில் டிஸ்பிளே அடப்டர்ஸ் என்ற இடத்தைத் திறந்து, அங்கே இருக்கிற பெயரில் வலது கிளிக் செய்து புரொப்பர்டீஸ் போனால் டிரைவர் என்ற பக்கம் இருக்கும். அதில் "ரோல் பக் டிரைவர்" என்ற பொத்தான் வேலை செய்தால் அழுத்திவிடுங்கள். முந்திய டிரைவருக்குத் திரும்பும், பலருக்கு விடயம் அத்தோடு முடிந்துவிடும். எங்களுக்கு அது சாம்பல் நிறமாக, அழுத்த முடியாமல் கிடந்தது. அதனால் லப்டொப்பின் அடியில் ஒட்டியிருந்த மாடல் எண்ணைப் பார்த்து, தயாரித்த கொம்பனியின் சொந்தத் தளத்தில் அந்த மாடலுக்கு, விண்டோஸ் 11க்கு என்று போட்டிருந்த கிராபிக்ஸ் டிரைவரை இறக்கினோம். விண்டோஸ் அப்டேட் தந்திருந்தது அதைவிடப் புதியது, ஆனால் எல்லாச் சாமானுக்கும் பொதுவானது. கொம்பனி தன் தளத்தில் வைத்திருப்பது பழையதாக இருந்தாலும் அந்தப் பனலுக்குப் பொருத்திப் பார்த்துக் கொடுத்தது. புதியதுதான் நல்லது என்ற எண்ணம் டிரைவர் விடயத்தில் சரிவராது. யூரியூப்பில் யாரோ கொடுத்த இணைப்பிலோ, டிரைவர் தேடித் தருகிறோம் என்கிற இலவசச் செயலிகளிலோ இறக்காதீர்கள்; அதில் வருவது டிரைவர் மட்டுமாக இருக்காது.

இருந்த டிரைவரை அகற்றும்போது "டிரைவரை நீக்க முயல்க" என்ற பொருளில் ஒரு சிறிய கட்டம் வரும். அதில் புள்ளடி போட வேண்டும். போடாவிட்டால் பழையதே திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். அதோடு விண்டோஸ் அப்டேட்டையும் சில வாரங்களுக்கு நிறுத்தி வைத்தோம்.

வெட்டு நின்றது. ஆனாலும் முழுதாக இல்லை. சார்ஜரைக் கழற்றிப் பற்றரியில் ஓடும்போது வெளிச்சம் மெல்லக் கூடிக் குறைந்துகொண்டிருந்தது. வெள்ளைப் பக்கத்தில் இருந்து கறுப்பு வீடியோவுக்குப் போனால் நன்றாகத் தெரியும். சார்ஜரைப் போட்டால் நின்றுவிடும். இந்த வித்தியாசத்தை எங்கள் ஆட்கள் பார்த்ததும் "கரண்ட் ஏறி இறங்குது" என்பார்கள். லப்டொப்புக்கு அது பொருந்தாது. சார்ஜர் கட்டையைத் திருப்பிப் பாருங்கள், 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சடித்திருக்கும். எங்கள் 230 வோல்ட் மாலை நேரத்தில் கொஞ்சம் தணிந்தாலும் அது சமாளித்துக்கொள்ளும். மேலும் கோளாறு வந்ததே சார்ஜர் இல்லாத நேரத்தில்தானே.

இது பற்றரியை மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு. இன்டெல் கிராபிக்ஸ் உள்ள லப்டொப்புகளில் திரையின் பின்வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு, படத்தின் நிறங்களைக் கூட்டி அதை ஈடுகட்டும். விளக்குத் திரியைத் தணித்துவிட்டுச் சுவருக்கு வெள்ளை அடிக்கிற வேலை. படம் மாறமாற இதுவும் மாறுவதால் கண்ணுக்குத் துடிப்பாகத் தெரியும். இன்டெலின் கிராபிக்ஸ் கொமாண்ட் சென்ரர் என்ற செயலியில் சிஸ்டம், பவர் என்று போனால் அணைக்கலாம். பனல் செல்ஃப் ரிஃப்ரெஷ் என்ற இன்னொன்றும் அதற்குள் இருக்கும். திரையில் ஒன்றும் அசையாத நேரத்தில் கிராபிக்ஸ் சில்லை ஓய விட்டுவிட்டு, பனல் தன்னிடம் சேமித்துள்ள படத்தையே காட்டிக்கொண்டிருக்கும் ஏற்பாடு அது. நிறுத்தி வைத்த பக்கத்தில் வெட்டும், மவுசை அசைத்தால் அடங்கும் என்று முன்னர் சொன்னேனே, அந்த அறிகுறி சுட்டுவது இதைத்தான். இரண்டையும் அணைத்தோம். விண்டோஸின் டிஸ்பிளே பக்கத்திலும் வெளிச்சப் பொத்தானுக்குக் கீழே, உள்ளடக்கத்துக்கு ஏற்ப வெளிச்சத்தை மாற்றுவது என்று ஒன்று உண்டு, அதையும் அணைத்தோம். பற்றரி கொஞ்சம் கெதியாக இறங்கும்தான், அது பரவாயில்லை. அன்றிலிருந்து ஸ்கிரீன் அசையவில்லை.

இன்னொன்று. கோளாறைக் காட்டுவதற்குப் பலர் போனில் வீடியோ எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அதில் கறுப்புக் கோடுகள் ஓடுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். போன் கமராவின் வேகமும் திரையின் வேகமும் ஒத்துப்போகாவிட்டால் நல்ல திரையிலும் அப்படி ஓடும். கண்ணால் பார்ப்பதைத்தான் நம்ப வேண்டும்.

பனலே பழுதாகாது என்று நான் சொல்லவரவில்லை. பயோஸிலும் வெட்டினால், மூடியை அசைக்கும்போது வெட்டுக் கூடிக் குறைந்தால், ஓரத்தில் நிரந்தரமாகக் கோடு நின்றால் அது கடைக்காரரின் வேலைதான். ஆனால் அப்போதும் முதலில் சந்தேகப்பட வேண்டியது பிணைச்சலுக்குள்ளால் போகிற வயரை. நாளுக்குப் பலமுறை மூடித் திறக்கும் இடத்தில் மடிந்து மடிந்து அது தேயும்; அல்லது அதன் முனை இடம் விலகியிருக்கும். வயரின் விலை பனலின் விலையில் சிறு பங்கு. வயரை மாற்ற வேண்டிய இடத்தில் பனலை மாற்றி, பனல் மாற்றும்போது வயரும் இறுக்கமாகக் கொழுவப்படுவதால் வெட்டு நின்றுபோய், "பாத்தீங்களே, பனல்தான்" என்று சொல்லப்படுவதும் நடக்கக்கூடியதே.

மேம்படுத்தலைப் பற்றியும் ஒரு சொல். விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய சில்லு வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். சில்லின் பெயரைப் பார்த்தால் தெரியும்: ஐ5-8250 என்று இருந்தால் 8, ஐ5-7200 என்று இருந்தால் 7. இந்தக் கட்டுப்பாட்டைச் சுற்றிப்போய்ப் பழைய சாமான்களிலும் 11ஐப் போட முடியும். போட்டுக் கொடுக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். மிகப் பழைய கிராபிக்ஸுக்குத் தயாரித்தவர்களே 11க்கென்று டிரைவர் விடாத நிலையில், அங்கே ஸ்கிரீன் வெட்டினால் எதை இறக்குவது? அப்படியான லப்டொப் வைத்திருக்கிறவர்கள் அவசரப்படத் தேவையில்லை. வீட்டுப் பாவனையாளர்கள் பதிவு செய்துகொண்டால் விண்டோஸ் 10க்கே 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் பெறலாம் என்று மைக்ரோசொப்ட் அறிவித்திருக்கிறது.

திருத்தும் கடைகளில் இருக்கும் தம்பிமார்களிடம் கேட்பது பெரிய காரியம் இல்லை. மேசையில் வைத்து, கொண்டுவந்தவரின் கண்முன்னே பயோஸைத் திறந்து காட்டுங்கள். அங்கே வெட்டுகிறதா இல்லையா என்று பற்றுச்சீட்டில் ஒரு வரி எழுதுங்கள். மேம்படுத்திய உடனே வந்த கோளாறு என்றால் 10 நாள் தவணையைச் சொல்லுங்கள். பனலை மாற்றினால் பழைய பனலைக் கையில் கொடுங்கள். இதற்கு ஆகும் நேரம் முற்பணத்துக்குச் சீட்டு எழுதுகிற நேரத்தைவிடக் குறைவு. கொண்டுபோகிறவர்களும் பயோஸில் காட்டுங்கோ என்று கேட்கப் பழக வேண்டும். கேட்டால் கோபிக்கிற கடையில் சாமானைக் கொடுக்காதீர்கள். உங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் இந்தச் சோதனைகளைப் படத்தோடு போட்டால் இன்னும் நல்லது. பேத்தி படம் எடுத்துத் தருவதாகச் சொல்கிறாள்.

எங்கள் 5,000 ரூபா இன்னும் கடையில்தான். கொழும்பில் இருந்து பனல் வந்துவிட்டதாம், மிச்சத்தைக் கட்டி மாற்றிக்கொண்டு போகச் சொல்லிப் போன் எடுக்கிறார்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ரேடியோ, ரிவி திருத்துநர்,
சுன்னாகம்.